சிவப்பு விளக்கும் ஒரு ரிஜிஸ்தர் தபாலும்

என் காரின் முகப்பில், வேகம் காட்டும் வட்டத்துக்குக் கீழே, குன்றிமணி அளவில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. எஞ்சினுக்குள் எண்ணெய் போதிய அழுத்தத்தில் ஓடாவிட்டால் அது எரியும். வண்டியோடு வந்த ஆங்கிலக் கையேடு இதற்கு ஒரே வழிதான் சொல்கிறது. விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்து. காரணம் தெரியாமல் ஓர் அடியும் நகர்த்தாதே. நான் நூலகன். காரை ஓட்டுவதைவிடக் காரைப் பற்றிப் படிப்பதில் எனக்குத் திறமை அதிகம். அந்த வாக்கியத்தைப் பென்சிலால் அடிக்கோடிட்டு வைத்திருந்தேன்.

நம் நாட்டில் வேறொரு வழி இருக்கிறது. விளக்கு எரிந்தால் அதை மூடிவிடுவது, இல்லாவிட்டால் பல்பைக் கழற்றிவிடுவது. மதுரையிலிருந்து தூத்துக்குடி போய்ச் சேர்வதற்குள் இதை எனக்கு இரண்டு பேர் உபதேசித்தார்கள். போய்ச் சேர்ந்த பிறகு இன்னும் ஒருவர். மூன்று பேரும் மெக்கானிக் என்று பலகை மாட்டியவர்கள்.

நான் தூத்துக்குடி போனதற்குக் காரணம் என் குடல்வால். அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதை வெட்டி எடுத்தபோது, ஆஸ்பத்திரியில் எனக்கு அடுத்த கட்டிலில் சூசை பர்னாந்து என்பவர் படுத்திருந்தார். தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் தலைமை குமாஸ்தா. நல்ல மனிதர். எனக்காக ஆரஞ்சுப் பழம் உரித்தவர். மயக்க மருந்து முழுதும் தெளியாத ஒரு பிற்பகலில், "உங்கள் மகள் கல்யாணத்துக்கு என் காரே வரும்" என்று அவரிடம் நான் சொன்னேனாம். எனக்கு நினைவில்லை. அவருக்கு இருந்தது. குமாஸ்தா அல்லவா, தேதியோடு இருந்தது.

போன வருஷம் தபாலில் கனமான அட்டையில், பொன் விளிம்பு போட்ட அழைப்பிதழ் வந்தது. மகள் பிலோமினாவுக்குக் கீழவைப்பாரில் மாப்பிள்ளை. புதன்கிழமை காலை எட்டரை மணிக்கு அந்த ஊர்க் கோவிலில் பூசை. கூடவே ஒரு கடிதம்: பெண் தங்கள் காரில் வந்து இறங்கும் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டோம், ஊர் எல்லையில் பேண்டு வாத்தியம் வைத்திருக்கிறார்கள். என் மனைவி படித்துவிட்டு, வாக்குக் கொடுக்கும்போதுதான் மயக்கமாக இருந்தீர்கள், காப்பாற்றும்போதாவது தெளிவாக இருங்கள் என்றாள். அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை வேலை. நான் திங்கட்கிழமை தனியாகப் புறப்பட்டேன்.

கரிசல் காட்டில் வெயில் ஏறும் நேரத்தில் விளக்கு எரிந்தது. கையேட்டின்படி நிறுத்தினேன். சுற்றிலும் பருத்தியும் வானமும்தான். எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது. அதற்குமேல் என்ன செய்வது என்று கையேட்டைப் புரட்டினேன். அருகிலுள்ள எங்கள் முகவரை அணுகவும் என்று இருந்தது. அருகிலிருந்தது ஒரு வெள்ளாடு.

பிறகு ஒன்று கண்டுபிடித்தேன். மெதுவாகப் போனால் விளக்கு எரிகிறது. வேகமாகப் போனால் அணைகிறது. எனவே ஐம்பதைத் தொடப்போகிற, மூக்குக்கண்ணாடி போட்ட, வாழ்நாளில் எவரையும் முந்தியறியாத நான், சந்தை கூடிய ஒரு கிராமத்தின் நடுவே கோழிகளைச் சிதறடித்துக்கொண்டு பறந்தேன். பின்னாலிருந்து ஓர் அம்மாள் என் பரம்பரையைப் பற்றிச் சொன்னது பாதிதான் காதில் விழுந்தது. மீதியை ஊகித்துக்கொண்டேன்.

முதல் மெக்கானிக் சைக்கிள் கடைக்குப் பக்கத்தில், வேப்பமரத்தடியில் இருந்தார். எஞ்சின் மூடியைக்கூடத் திறக்கவில்லை. விளக்கை ஒரு நிமிஷம் அனுதாபத்தோடு பார்த்துவிட்டு, "கண்ண உறுத்துதா சார்?" என்று கேட்டார். கறுப்பு டேப் ஒட்டித் தரட்டுமா என்றார். இரண்டாமவர் இன்னும் கெட்டிக்காரர். திருப்புளியை எடுத்துக்கொண்டு பல்பைக் கழற்றவே வந்துவிட்டார். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். திருடன் வந்தால் குரைக்கிற நாயை யாராவது அடித்துக் கொல்வார்களா என்று கேட்டேன். அவர் யோசித்தார். "நாய் கொலச்சா தூக்கம் கெடும்லா சார்" என்றார்.

சாலையில் பள்ளம் விழுந்தால், பெரிய அதிகாரி வருவதற்கு முன்னால், 'பள்ளம், எச்சரிக்கை' என்ற பலகையைப் பிடுங்கி வைக்கிற தேசம் இது. காய்ச்சல் என்று போனால் டாக்டர் தெர்மாமீட்டரை ஜன்னல் வழியே எறியாதது ஒன்றுதான் பாக்கி. இந்தக் கோபத்திலேயே மிச்சத் தூரத்தையும் ஓட்டினேன். கோபத்துக்கு வேகம் தேவைப்பட்டது. விளக்கு அணைந்தே இருந்தது.

தூத்துக்குடியில் உப்பு லாரி ஒன்றின் பின்னால் மாட்டி, மெதுவாக ஊர்ந்து, சிவப்பு விளக்கோடு ஊருக்குள் நுழைந்தேன். சூசையின் வீடு திரேஸ்புரத்தில். வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். முற்றத்தில் நாலு பெண்கள் உட்கார்ந்து கல்யாண மசாலாவுக்கு மல்லி புடைத்துக்கொண்டிருந்தார்கள். கடற்காற்று அவர்களிடமிருந்து வாசனையையும் கரையிலிருந்து கருவாட்டையும் மாறி மாறிக் கொண்டுவந்தது. சூசை வந்து என் கையைப் பிடித்து நெஞ்சில் வைத்துக்கொண்டார். காரைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். "அம்சமா இருக்கு சார்" என்றார். விளக்கைப் பற்றிச் சொன்னேன். அவர் முகத்தில் இருந்த கல்யாணம் இறங்கிவிட்டது.

விஷயம் இதுதான். கல்யாண மாதம், ஊரிலுள்ள வாடகைக் கார்கள் எல்லாம் எப்போதோ பேசி முடிந்துவிட்டன. சொந்தபந்தம் லாரியில் போகும். பெண் லாரியில் போக முடியாது. கீழவைப்பாருக்கு இருபது மைலுக்கு மேல். உப்பளமும் மணலுமான பாதை. நடுவில் வண்டி நின்றால் உதவிக்கு உடைமுள்தான். பூசை வைக்கிற சாமியாருக்குப் பத்து மணிக்குப் பக்கத்து ஊரில் இன்னொரு கல்யாணம். எட்டரை என்றால் எட்டரை.

அன்றைக்குச் சாப்பிட்ட சீலா மீன் குழம்பைப் பற்றிச் சொல்லாமல் போனால் நன்றி கெட்டவன் ஆவேன். மதுரையில் மீன் என்ற பெயரில் எனக்குக் கிடைப்பது கடலை விட்டு வந்த வருத்தத்தில் இருக்கும். இது வருத்தப்பட நேரமில்லாமல் குசினிக்கு வந்த மீன். ஆனாலும் ஒவ்வொரு கவளத்துக்கும் நடுவில் அந்தச் சிவப்பு விளக்கு என் கண்முன் எரிந்தது. பிறகு கொடுத்த முந்திரி மக்ரூன் இனிப்பைக் கவலையோடு ஆறு சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் நானும் சூசையும் டவுனுக்குள் பட்டறை தேடிப் போனோம். முதல் பட்டறைக்காரர் வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னார்; சனிக்கிழமை பார்க்கலாம் என்றார். இரண்டாவது பட்டறையில் பெரிய மீசை வைத்த ஒருவர் எஞ்சினைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, இது அழுத்தக் கோளாறு அல்ல, வெறும் விளக்குக் கோளாறு என்று தீர்ப்பளித்துவிட்டு, பல்பை நோக்கிக் கையை நீட்டினார். நான் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். சூசை ஓடிவந்து ஏற வேண்டியிருந்தது.

திரும்பி வந்தபோது மல்லி புடைக்கிற பெண்களில் ஒருத்தி, யாரையும் பார்க்காமல், "மிக்கேலண்ணன் கை வச்சா ஒரு மணி நேரத்து வேல" என்றாள். முறங்கள் எல்லாம் நின்றன. சூசை வீட்டுக்குள் போய்விட்டார்.

மிக்கேல் யார் என்பதைச் சூசையின் மனைவி மரியம்மைதான் சொன்னாள். அவளுடைய தம்பி. சூசையின் தங்கை ரோசம்மாளைக் கட்டியவர். பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம். ஆக, அவரும் சூசையும் இரண்டு வகையில் மச்சான். வயசுக் காலத்தில் சங்கு குளித்தவர்; ஆபீஸ் வேலைக்குப் போகும்வரை சூசைதான் வள்ளத்தில் இருந்து அவருக்குக் கயிறு பிடித்தாராம். இப்போது ஒரு லாஞ்சில், அதாவது இயந்திரப் படகில், எஞ்சின் டிரைவர். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. ஒரு மாதமாக இந்த வாசலை மிதிக்கவில்லை, கல்யாணத்துக்கு வரமாட்டாராம்.

காரணம் கேட்டேன். சொல்ல வெட்கப்பட்டாள். கடைசியில் சொன்னாள்.

சூசை இருபது வருஷமாகக் கப்பல் ஆபீசில் தபால் அனுப்பிப் பழகியவர். மகள் கல்யாண அழைப்பிதழ்களை நம்பர் போட்டு, ஜாபிதா எழுதி, எல்லாருக்கும் தபாலில் சேர்த்தார். இரண்டு தெரு தள்ளியிருக்கிற மச்சானுக்கும் சேர்த்தார். அதிலும், மச்சான் தாய்மாமன் அல்லவா, மற்றவர்களைப் போலச் சாதாரணத் தபாலில் அனுப்பினால் மரியாதை இல்லை என்று, ரிஜிஸ்தர் செய்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சிச் சீட்டும் வைத்து அனுப்பினார்.

திரேஸ்புரத்தில் ரிஜிஸ்தர் தபால் என்றால் ஒன்றுதான்: வக்கீல் நோட்டீஸ். தபால்காரர் கையெழுத்துக் கேட்டுத் தெருவில் நின்றபோது, மிக்கேலுக்குக் கேஸ் வந்துவிட்டது என்று தெருவே கூடிவிட்டது. மிக்கேல் வாங்க மறுத்துவிட்டார். 'மறுக்கப்பட்டது' என்று எழுதி, உறை சூசையிடமே திரும்பி வந்தது. அது இப்போது மாதா படத்துக்குப் பின்னால் செருகியிருக்கிறது.

"அந்த மனுசன் நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சாக," என்றாள் மரியம்மை. "அப்புறமாவது நேர்ல போயிக் குடுத்திருக்கலாம்லா. நாலு நாள்ல தணிஞ்சிரும், ஒண்ணும் கேக்காதன்னு எங்க வாயவும் அடச்சிட்டாக."

எனக்கு அந்தப் பட்டறை மீசைக்காரரின் நினைவு வந்தது. சொல்லவில்லை. மீன் குழம்பு சாப்பிட்ட வீடு.

கல்யாணப் பெண் பிலோமினா காப்பி கொண்டுவந்தாள். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு நகராமல் நின்றாள். "சார், அப்பாகிட்ட சொல்ல முடியல. உங்ககிட்ட சொல்லுதேன். மாமா வரலன்னா நான் கார்லயும் ஏற மாட்டேன், லாரிலயும் ஏற மாட்டேன்" என்றாள். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஆக, காரை ஓட்டிவந்த எனக்குக் கார் மட்டும் போதாது என்று ஆயிற்று. நானே நடந்து போனேன். மிக்கேல் வாசலில் உட்கார்ந்து வலைக்கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். கறுத்த, அகன்ற மார்பு. ஒரு காது கேட்காது, ஆழத்துக்குக் கொடுத்தது. கேட்கிற காதுப் பக்கம் போய் நின்று விளக்கைப் பற்றி மட்டும் சொன்னேன். விளக்கை மூடவும் கழற்றவும் வந்த மூன்று பேரைப் பற்றியும் சொன்னேன். அவர் கயிற்றைக் கீழே வைத்தார்.

"களவாணிப் பயலுவ" என்றார். என்னை முதன்முதலாகப் புரிந்துகொண்ட மனிதர்.

அவர் மனைவி ரோசம்மாள் உள்ளேயிருந்து, அண்ணன் வீட்டுக்கா என்று கேட்டாள். "வண்டிக்கு" என்றார் மிக்கேல். "வண்டி என்ன பாவம் பண்ணிச்சு?" ஸ்பானர் சாவிகள் இருந்த பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

வந்தார். முற்றத்தோடு நின்றுகொண்டார். காப்பி வேண்டாம் என்றார்; தண்ணீரும் வேண்டாம். சூசை ஜன்னலுக்கு உள்ளே நின்றார். இருவருக்கும் நடுவில் பத்தடி. பேச்செல்லாம் என் வழியாகப் போயிற்று. அவுககிட்ட சொல்லுங்க, வேலை நடக்கும்போது ஜன்னல்ல நின்னா வெளிச்சம் மறைக்குன்னு, என்றார் மிக்கேல். வெளிச்சம் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. நான் சொன்னேன். சூசை நகரவில்லை.

அதன்பின் நடந்ததை, பலகை மாட்டிய அந்த மூவரும் படிக்கட்டும் என்றே விவரமாக எழுதுகிறேன். முதலில் எண்ணெய்க் குச்சியை எடுத்தார். பார்த்தது போதாமல் விரலில் தேய்த்து மோந்தார். பிறகு எஞ்சினின் பக்கவாட்டில் ஒரு சின்னப் பித்தளைத் திருகு போலிருந்ததிலிருந்து ஒரு கம்பியைக் கழற்றினார். விளக்கு அணைந்தது. மாட்டினார், எரிந்தது. "கம்பியில பழுது இல்ல" என்றார். அடுத்து அந்தப் பித்தளைத் திருகையே கழற்றி எடுத்துவிட்டு, முன்னால் கைப்பிடி போட்டு எஞ்சினைச் சுற்றச் சொன்னார். நான் சுற்றினேன். குடல்வால் தையல் போட்ட இடம், இது நியாயமா என்று என்னைக் கேட்டது. திருகு இருந்த ஓட்டையிலிருந்து எண்ணெய் பீச்சியடித்திருக்க வேண்டுமாம். அழுத குழந்தையின் மூக்கில் வருவதுபோல் மெல்ல வடிந்தது.

மிக்கேல் நிமிர்ந்தார். "வெளக்கு பொய் சொல்லல, அண்ணாச்சி."

இரண்டு நாளாக நான் கேட்கக் காத்திருந்த வாக்கியம். கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் உடம்பில் எண்ணெய்.

அடியில் எண்ணெய்த் தொட்டி. அதன் கீழ் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மூடி. மூடிக்குள் சல்லடை வலை. அது அடைத்திருக்கிறது, கழற்றிப் பார்க்க வேண்டும் என்றார். அலவாங்கு கேட்டார்; கடப்பாரைக்கு அங்கே அந்தப் பெயர். முற்றத்திலிருந்த ஆண்கள் எல்லாரும் சேர்ந்து, ஜாக்கி கொடுத்து, அலவாங்கால் நெம்பி, பனந்தடிகளைச் செருகி வண்டியைத் தூக்கினோம். என் ஜாக்கி எனக்குப் பிறகு பிறந்ததுதான், ஆனாலும் என்னைவிடத் தளர்ந்தது. மண்ணில் கொஞ்சம் புதைந்து முனகியது. சாக்கை விரித்தாயிற்று. மிக்கேல் குனிந்து அடியில் பார்த்தார். பார்த்துவிட்டு எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

என்ன என்றேன்.

"கீழ போறவனுக்கு மேல மச்சான் நிக்கணும்" என்றார், யாரையும் பார்க்காமல்.

எனக்குக் கோபம் வந்தது. பூசைக்கு ஒரு பகல்தான் பாக்கி. நான் நிற்கிறேன், ஜாக்கியைப் பிடித்துக்கொள்கிறேன் என்றேன். சாஸ்திரம் பார்க்கிற நேரமா இது என்றும் கேட்டேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார். "அண்ணாச்சி, நீங்க படிச்சவக. ஒண்ணு கேக்கேன். வண்டி எம்மேல எறங்கிட்டா உங்க வீட்டுல யாராவது தாலி அறுப்பாகளா?"

இல்லை என்று ஒப்புக்கொண்டேன்.

"அதான். கடல்ல குளிக்கப் போறவன் கயித்த அண்ணன் தம்பிட்டக் கூடக் குடுக்க மாட்டான். பொண்டாட்டி கூடப்பொறந்தவன்ட்டதான் குடுப்பான். நான் மேல வரலன்னா அவன் தங்கச்சிலா வெள்ளச்சீல உடுத்தணும். அதுக்குப் பயந்து கண்ண எடுக்க மாட்டான்."

நூலகத்தில் இன்ஷூரன்ஸ் பற்றி மூன்று அலமாரிப் புத்தகங்கள் வைத்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக எதிலும் இல்லை.

ஜன்னலில் ஆள் இல்லை. சூசை வெளியே வந்துவிட்டார். தும்பைப்பூப் போன்ற கல்யாண வேட்டி. அதை மடித்து வரிந்து கட்டினார். ஜாக்கிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அலவாங்கை முட்டாகக் கொடுத்து, அதன்மேல் ஒரு கையைப் போட்டார். மிக்கேல் மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தார். முழங்கால் வரை மறைந்ததும் சூசை மற்றக் கையால் அவர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டார்.

அப்புறம் நான் பார்த்ததை எந்த ஊரிலும் பார்த்ததில்லை. இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. ஆனால் குதிகால் ஒரு தடவை தட்டினால் சூசை டார்ச்சை நீட்டினார். இரண்டு தடவை என்றால் சாவி. இழுத்து உதைத்தால் துணி. பத்து வருஷம் ஒருவர் கடலுக்கு அடியிலும் ஒருவர் வள்ளத்திலுமாகக் கயிற்றில் பேசிய பேச்சு அது. மதுரையில் நானும் என் மனைவியும் இருபத்தாறு வருஷமாக ஒரே வீட்டில், நல்ல வெளிச்சத்தில், வாய்விட்டுப் பேசி வருகிறோம். உப்பு எங்கே என்று கேட்டால் ஊறுகாய் வருகிறது.

மூடி திறந்தது; பழைய எண்ணெய் சட்டியில் இறங்கியது. வலையைக் கழுவ வெளியே தள்ளினார். அதில் எலி கூடு கட்டியதுபோல் பஞ்சு. மதுரையில் மூன்று மாதத்துக்கு முன்னால் என் எஞ்சினைப் பிரித்துச் சேர்த்து, "புதுப்பொண்ணு மாதிரி ஆக்கிட்டேன்" என்ற மெக்கானிக் கை துடைக்கிற கழிவுப் பஞ்சு. புதுப்பெண்ணின் வயிற்றுக்குள் கைக்குட்டையைப் போட்டுத் தைத்துவிட்டிருக்கிறார். என் குடல்வாலை எடுத்த டாக்டரை அந்த நிமிஷத்தில் நான் சந்தேகிக்க ஆரம்பித்தேன்.

வலையைக் கழுவி மாட்டியாயிற்று. ஆனால் மூடிக்கும் தொட்டிக்கும் நடுவே இருந்த அட்டை வளையம் கழற்றும்போது கிழிந்துவிட்டது. அது இல்லாமல் மூடினால் எண்ணெய் வழி நெடுக ஒழுகும்.

"கெட்டி அட்ட வேணும், அண்ணாச்சி" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

வீட்டிலுள்ள அட்டை எல்லாம் வந்தது. காலண்டர் அட்டை பொதபொதவென்று இருந்தது. சேலைப் பெட்டி அட்டை எண்ணெயில் ஊறிவிடும் என்றார். கல்யாணப் பரிசாக நான் கொண்டுவந்திருந்த என் கட்டுரைத் தொகுதி மேசைமேல் இருந்தது. யாரோ புண்ணியவதி அதையும் எடுத்து நீட்டினாள். மிக்கேல் அடியிலிருந்து கையை நீட்டி, மேலட்டையை இரண்டு விரலில் வைத்துத் தடவிப் பார்த்தார். "இதுல சரக்கு இல்ல" என்று திருப்பிக் கொடுத்தார். விமர்சகர்கள் சொன்னதுதான்.

அப்போது சூசை, கணுக்காலை விடாமல், தலையை மட்டும் திருப்பி, "மரியம், மாதா படத்துக்குப் பின்னால இருக்கிறத எடு" என்றார்.

மரியம்மை அந்த உறையைக் கொண்டுவந்தாள். ரிஜிஸ்தர் முத்திரை, மறுக்கப்பட்டது என்ற எழுத்து, எல்லாம் இருந்தது. சூசை அலவாங்கை என்னிடம் ஒரு கணம் ஒப்படைத்தார். உறையைப் பல்லால் கிழித்து அழைப்பிதழை வெளியே எடுத்தார். உறையைத் தூரப் போட்டார். வண்டிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கறுத்த கையில் அதை வைத்தார். தானே, நேரில், கையில் வைத்தார். கொஞ்சம் அழுத்தியும் வைத்தார்.

கை உள்ளே போயிற்று. கால் அசையவில்லை. டார்ச் வெளிச்சம் மட்டும் அடியில் மெதுவாக நகர்ந்தது, ஒருவர் எழுத்துக்கூட்டிப் படிக்கிற வேகத்தில்.

"பூச எட்டரைக்கா மச்சான்?" என்று அடியிலிருந்து கேட்டது.

"எட்டரைக்குத்தான் மச்சான்" என்றார் சூசை.

"அப்ப ஆறு மணிக்கே கெளம்பணும். பாதையில மணல் ஏறிக் கெடக்கும்."

பிலோமினா வீட்டுக்குள் ஓடினாள். மரியம்மை முந்தானையால் மூக்கைச் சிந்தி, "ரெண்டு பேரையும் ஒரே கயித்துல கட்டிக் கடல்ல எறக்கணும்" என்றாள். முறங்கள் மறுபடி ஓட ஆரம்பித்தன.

மிக்கேல் வெளியே வந்து, மூடியை அட்டைமேல் வைத்துப் பென்சிலால் கோடு போட்டுக் கத்தரித்தார். எங்கே வைத்து வெட்டுவது என்பதில் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். பெண், மாப்பிள்ளை பெயர்கள் நடுவில் விழும்படி பார்த்து, அந்த வட்டத்தைத் தனியே வெட்டியெடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். விளிம்பு வளையத்தில், தங்கள் வரவை விரும்பும் சூசை பர்னாந்து என்ற வரி சிக்கியிருந்தது. அதை மச்சானுக்குக் காட்டினார். "நீரு எண்ணெயில கெடயும்" என்றார். கிரீஸ் தடவி உள்ளே கொண்டுபோனார்.

லாஞ்சுக்கு வைத்திருந்த புது எண்ணெயை ஊற்றினார். கிளப்பினேன். சிவப்பு விளக்கு ஒரு கணம் எரிந்து, வந்தவரை அடையாளம் தெரிந்துகொண்ட காவல்காரன்போல அணைந்தது. எஞ்சினை மெதுவாக ஓடவிட்டேன். இன்னும் மெதுவாக. அணைந்தே இருந்தது. மிக்கேல் காப்பி கேட்டார்.

புதன்கிழமை ஆறு மணிக்கு, முன் இருக்கையில் என் பக்கத்தில் மிக்கேல் கேட்கிற காதை எஞ்சின் பக்கம் திருப்பி உட்கார்ந்தார். பின்னால் பெண்ணும் அவள் தாயும் தகப்பனும். நான் பாதையைப் பார்த்ததைவிட விளக்கைப் பார்த்ததே அதிகம். "ரோட்டப் பாருங்க அண்ணாச்சி, அத நான் பாத்துக்கிடுதேன்" என்று மிக்கேல் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. உப்பளங்களுக்கு நடுவே வெயில் ஏறியது. ஓரிடத்தில் மணலில் மாட்டி எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள், கல்யாணப் பெண் தவிர. அவளும் இறங்கத்தான் பார்த்தாள். கீழவைப்பார் எல்லையில் பேண்டுக்காரர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஹாரன் அடித்து எழுப்பினேன். எட்டே காலுக்குக் கோவில் வாசல். பெண்ணின் கையைப் பிடித்து இறக்கியது தாய்மாமன்.

மதுரை திரும்பியதும் என் மெக்கானிக்கிடம் போய்ப் பஞ்சைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். அவர் வெட்கப்படவில்லை. அடியில் எட்டிப் பார்த்துவிட்டு, கல்யாணக் கார்டை வெட்டிப் போட்டிருக்கிறார்களே, தொழில் தெரியாதவர்கள், கழற்றிவிட்டு நல்லதாகப் போட்டுத் தருகிறேன் என்றார். அந்த வண்டியில் அவர் இனி எதைத் தொட்டாலும் சரி, அதை மட்டும் தொடக்கூடாது என்றேன். அப்புறம் யோசித்து, எதையும் தொடக்கூடாது என்றேன்.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலில் இரண்டு பேர். முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார்கள். சூசையின் கையில் மக்ரூன் டப்பா. அடுத்த நிமிஷம் மிக்கேலைக் காணோமே என்று பார்த்தால், அவர் உள்ளே வருவதற்கு முன்னால் காருக்கு அடியில் தலையைவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சொட்டு எண்ணெய் ஒழுகவில்லை என்று எழுந்து வந்து என் மனைவிக்குக் கும்பிடு போட்டார். பிலோமினாவுக்கு ஆண் குழந்தை; ஞானஸ்நானத்துக்கு அழைக்க வந்தார்களாம். இதற்காகவா தொண்ணூறு மைல், ஒரு தபால் போட்டிருந்தால் போதாதா என்று என் மனைவி கேட்டாள். இருவரும் அவளை, பல்பைக் கழற்றச் சொன்னவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

சூசை இரண்டு அழைப்பிதழ்களை எடுத்து என் கையில் வைத்தார். தவறுதலாக இரண்டு வந்துவிட்டது என்று ஒன்றைத் திருப்பிக் கொடுத்தேன்.

"இருக்கட்டும் அண்ணாச்சி" என்றார் மிக்கேல். "அட்ட கெட்டியாத்தான் அடிக்கச் சொன்னோம். ஒண்ணு ஒங்களுக்கு. ஒண்ணு வண்டிக்கு."